அந்த விதவை மறுபடியும் வந்தாள்

தியானப் பகுதி: லூக்கா 18:1-8

 

கடந்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சகோதரி மட்டும் போகாமல் சுவரோரமாய் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஜெப விண்ணப்பம் சொல்லத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்து, "என்னம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதுவதற்கு அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

"பாஸ்டர், ஒன்பது வருஷமா எங்க வீட்டுக்காரர் குடியை விடணும்னு ஜெபம் பண்ணுதேன். உபவாசம் இருந்தாச்சு. எண்ணெய் பூசி ஜெபிச்சாச்சு. பொருத்தனை பண்ணியாச்சு. எனக்குப் பின்னால சபைக்கு வந்தவங்க வீட்டுலல்லாம் காரியம் நடந்துட்டு. எங்கிட்ட மட்டும் என்ன குத்தம் இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க, நான் திருத்திக்கிடுதேன்."

நான் பாயைக் கீழே வைத்தேன். "கர்த்தர் ஏற்ற வேளையில் செய்வார், விசுவாசியுங்கள்" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு நான் சொன்ன வார்த்தைதான் அது. தவறான வார்த்தையும் அல்ல. ஆனால் அந்தச் சகோதரி காலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் குற்றவாளியா?" என்று கேட்டார். பிரியமானவர்களே, ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கும்போது நம்மில் அநேகருடைய உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி இதுதான். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, நாளடைவில் ஜெபத்தையே விட்டுவிடுகிறோம். ஆகையால் இந்த மாதம் இதைக் குறித்தே உங்களோடு பேச ஆவியானவர் என்னை ஏவினார்.

1. அவளிடத்தில் இருந்தது என்ன?

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் எல்லாரும் அறிவோம். ஒரு பட்டணத்தில் ஒரு நியாயாதிபதி. தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதியாதவன். அதே பட்டணத்தில் ஒரு விதவை. அவளுக்கு ஒரு எதிராளி இருந்தான், அவளுக்கு நியாயம் வேண்டும்.

இந்த விதவையிடத்தில் என்ன இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நியாயாதிபதியின் கையில் வைக்கப் பணம் இருந்ததா? இல்லை. சிபாரிசு செய்ய ஆள் இருந்ததா? இல்லை. கூடத் துணைக்கு வரப் புருஷன் இருந்தானா? அவனும் இல்லை. அவள் அழகாகப் பேசினாள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவள் பெரிய விசுவாச வீராங்கனை என்றும் சொல்லவில்லை. அவளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அவள் வந்தாள், மறுபடியும் வந்தாள், அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தாள். அவ்வளவுதான்!

தாலுகா ஆபீசுக்கு ஒரு சர்டிபிகேட்டுக்காக நடந்தவர்களுக்கு இது நன்றாய் விளங்கும். முதல் நாள் "ஐயா இல்லை" என்பார்கள். இரண்டாம் நாள் "நாளைக்கு வா" என்பார்கள். மூன்றாம் நாள் போகவே கூச்சமாயிருக்கும். வாசலில் உட்கார்ந்திருக்கிற பியூன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான். ஆனாலும் போகிறோம். ஏன்? அந்த ஒரு கையெழுத்தை வேறே எங்கும் வாங்க முடியாது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் இந்த உவமையை வாசிக்கிற சிலர் ஒரு இடத்தில் தவறிவிடுகிறார்கள். நம் பரமபிதாவும் அந்த நியாயாதிபதி மாதிரிதான், தொந்தரவு தாங்காமல்தான் கொடுப்பார், இன்னும் சத்தமாய்க் கத்தினால், இன்னும் அதிக நாள் பட்டினி கிடந்தால் அவர் அசைந்துவிடுவார் என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். அப்படியல்ல! ஆண்டவர் அந்த நியாயாதிபதியைத் தேவனுக்கு ஒப்பாகச் சொல்லாமல், எதிராகவே நிறுத்துகிறார். இரக்கமே இல்லாத ஒருவனே ஒரு ஏழை விதவைக்கு நியாயம் செய்தான் என்றால், தம்முடைய சொந்தக் குமாரனையே கொடுத்த பிதா தம் பிள்ளைகளைக் கைவிடுவாரா?

உவமையின் முடிவைக் கவனித்தீர்களா? எட்டாம் வசனத்தில் ஆண்டவர் ஒரு கேள்வியோடு முடிக்கிறார். மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசம் மீதியிருக்குமா என்று கேட்கிறார். பிதா பதில் கொடுப்பாரா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பதில் வருகிற மட்டும் நாம் அந்த வாசலிலேயே நிற்போமா, எழுந்து போய்விடுவோமா? அவருடைய கேள்வி அதுதான்.

2. ஆறாம் வசனமும் ஏழாம் வசனமும்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். பதில் தாமதிக்கிறது என்றால் நம்மில் குற்றம் இருக்கிறது என்று அர்த்தமா?

லூக்கா முதலாம் அதிகாரத்தைத் திறந்து, ஆறாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஆறாம் வசனத்தில் சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், குற்றமற்று நடந்தவர்கள் என்று சாட்சி பெறுகிறார்கள். அடுத்த வசனமே அவர்களுக்குப் பிள்ளையில்லை, இருவரும் வயது சென்றவர்கள் என்று சொல்லுகிறது. இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் "ஆனாலும் அவர்களிடத்தில் ஒரு மறைவான பாவம் இருந்தது" என்று ஒரு வசனத்தைப் பரிசுத்த ஆவியானவர் எழுதி வைக்கவில்லை. நாமாக அதை எழுதிச் சேர்க்க வேண்டாம்!

பதின்மூன்றாம் வசனத்தில் தேவதூதன் வந்து, சகரியாவின் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று சொல்லுகிறான். அதை நம்ப முடியாமல் சகரியாவே அடையாளம் கேட்கிறார். நான் கிழவன், என் மனைவியும் வயதானவள் என்கிறார். ஒருவேளை அந்த வேண்டுதலை அவர் நிறுத்திப் பல வருஷமாகியிருக்கலாம். அவரே மறந்துபோயிருந்தாலும் தேவன் மறக்கவில்லை. அல்லேலூயா!

பாவம் ஜெபத்துக்குத் தடையாகவே இராது என்று நான் சொல்லவில்லை. அறிந்து செய்கிற பாவத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கேட்டால் கர்த்தர் செவிகொடுக்க மாட்டார் என்று சங்கீதம் 66:18 நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஆவியானவர் ஒன்றை உணர்த்தினால் உடனே அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். ஆனால் அறிக்கையிட்ட பிறகும் ராத்திரியெல்லாம் படுக்கையில் கிடந்து, "எதற்காக இந்தத் தண்டனை?" என்று உங்களை நீங்களே விசாரணை செய்துகொண்டிருக்காதேயுங்கள். சகோதரரைக் குற்றஞ்சாட்டுகிறவன் யார் என்று வெளிப்படுத்தல் 12:10 சொல்லுகிறது. அவனுக்கு நாம் ஏன் உதவி செய்ய வேண்டும்?

3. என் சொந்த வீட்டுச் சாட்சி

இதுவரை எழுதினது பிரசங்கம். இனி எழுதப்போவது என் வீட்டுக் காரியம். என் மனைவியும் நானும் பேசி, ஜெபித்த பிறகே இதை எழுதுகிறேன்.

நான் பகலில் ஒரு உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்தச் சிறு மந்தையை மேய்க்கிறவன். வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமா படித்தேன். அங்கே ஜெபத்தைக் குறித்து ஒரு தனிப் பாடமே இருந்தது. பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். உண்மையான பரீட்சை பின்னால் வந்தது.

2006-ஆம் வருடம் மே மாதம் எங்களுக்குத் திருமணம் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து ஜெபிக்கத் தொடங்கினோம். டாக்டரிடமும் போனோம், பரிசோதனைகள் செய்தோம், சிகிச்சையும் எடுத்தோம். 2011-ல் ஒரு விசேஷித்த கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் எங்கள் இருவரையும் மேடைக்கு முன்பாக அழைத்து, அடுத்த வருஷம் இதே மாதத்தில் உங்கள் கையில் குழந்தை இருக்கும் என்று சொன்னார். சபையார் எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரு வயதான அம்மா சந்தோஷத்தில் மஞ்சள் துணியில் ஒரு சின்னச் சட்டையும் குல்லாவும் தன் கையாலே தைத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அதே மாதம் வந்தது. போனது. ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு சில பேச்சுகள் எங்கள் காதில் விழுந்தன. "பாஸ்டரம்மாவுக்கு விசுவாசம் பத்தாது" என்றார் ஒருவர். "அந்த வீட்டுல எங்கேயோ ஒரு ஆகான் ஒளிஞ்சிருக்கான்" என்றார் இன்னொருவர். சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் முன்பு மற்றவர்களைப் பார்த்து அப்படி நினைத்தவன்தானே! யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபோதுதான் கெடுத்துப்போட்டார்கள்.

2014 ஜூன் மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு குழந்தைகளைப் பிரதிஷ்டை செய்தேன். அதில் ஒன்று, நான் கை வைத்து ஜெபித்து, அந்த வருஷத்துக்குள்ளேயே கர்த்தர் கொடுத்த குழந்தை. அந்தப் பச்சைப் பிள்ளையைக் கையில் உயர்த்திப் பிடித்து ஸ்தோத்திரம் சொன்னேன். வாய் ஸ்தோத்திரம் சொல்லிற்று, உள்ளே ஏதோ ஒன்று படீரென்று மூடிக்கொண்டது. அன்று ராத்திரியிலிருந்து எங்கள் காரியத்துக்காக நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். சபைக்காக ஜெபித்தேன், வியாதியஸ்தருக்காக ஜெபித்தேன், பிரசங்கமும் செய்தேன். ஆனால் அந்த ஒரு அறைக் கதவை மட்டும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். மூன்று மாதம் அப்படியே போயிற்று. ஒருவருக்கும் தெரியாது.

செப்டம்பரில் ஒரு நாள் அதிகாலை மூன்றரை மணி இருக்கும், விழிப்பு வந்தது. பக்கத்தில் என் மனைவி இல்லை. முன்னறையில் ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் பாயில் முழங்கால்படியிட்டிருந்தாள். முன்னால் ஓய்வுநாள் பள்ளி வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. அதிலுள்ள பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாய் விரல் வைத்து வாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். இவனுக்குப் படிப்பு வரவில்லை ஆண்டவரே, இவளுக்கு வீசிங் இருக்கிறது ஆண்டவரே, இவன் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் ஆண்டவரே என்று முப்பதுக்கும் மேலான பேர்கள். பெற்றவர்கள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அந்தப் பிள்ளைகளுக்காக விழித்திருந்தாள். கடைசிப் பேர் முடிந்த பிறகு ஒரே ஒரு வரி சொன்னாள்: "எங்க காரியமும் உமக்குத் தெரியும்பா. இன்னைக்கும் கேக்குறேன்."

நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. "உனக்குக் கர்த்தர்மேல வருத்தமே கிடையாதா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இருக்குங்க. இல்லாம இருக்குமா? அந்த வருத்தத்தையும் அவர்ட்டதானே சொல்லணும். வேற யார்ட்ட போய்ச் சொல்ல?" என்றாள்.

பிரியமானவர்களே, இரண்டு வருடம் வேதாகமக் கல்லூரியில் நான் படிக்காததை அந்த ஒரு வார்த்தையில் கற்றுக்கொண்டேன். அன்று அந்தப் பாயில் அவள் பக்கத்தில் முழங்கால்படியிட்டேன். மூன்று மாதமாய்ச் சாத்தியிருந்த கதவைத் திறந்து, என் கோபத்தையெல்லாம் ஆண்டவருக்கு முன்பாகக் கொட்டினேன். அவர் என்னை அடிக்கவில்லை. என்னைவிட்டு விலகவும் இல்லை.

இந்தச் சாட்சியின் முடிவில் "கர்த்தர் எங்களுக்கு ஒரு ஆண் குழந்தையைத் தந்தார்" என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் பொய்ச்சாட்சி எழுத முடியாது. இதை எழுதுகிற இந்த நாள் வரைக்கும் எங்கள் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அந்த மஞ்சள் சட்டையையும் குல்லாவையும் 2015-ல் நம் சபையில் பிறந்த ஒரு குழந்தைக்கு என் மனைவி தன் கையாலே போட்டுவிட்டாள். எங்கள் விண்ணப்பம் இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறது. நாங்களும் நிற்கிறோம். அந்த வாசலில் நிற்கிறவர்களோடு ஆண்டவரும் நிற்கிறார் என்பதே என் சாட்சி.

4. திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசமா?

"ஒரு தடவை கேட்டாச்சு, விசுவாசத்தோடே பெற்றுக்கொண்டாச்சு, மறுபடி கேட்டால் அது அவிசுவாசம்" என்று சிலர் போதிக்கிறார்கள். அப்படியானால் கெத்செமனே தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நம் ஆண்டவர் மூன்று தரம் ஜெபித்தார், மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்லுகிறது. மலைப்பிரசங்கத்தில் அவர் கடிந்துகொண்டது வாய் மட்டும் அலப்புகிற வீண் ஜெபத்தை. இருதயம் நொறுங்கி அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுகிறது வீண்வார்த்தையல்ல. அழுகிற குழந்தை "அம்மா" என்கிற ஒரே வார்த்தையைத்தானே திரும்பத் திரும்பச் சொல்லுகிறது?

எலியா கர்மேல் பர்வதத்தில் குனிந்து ஜெபித்தபோது, மழை வரும் என்ற வாக்குத்தத்தம் அவர் கையில் இருந்தது. அப்படியிருந்தும் ஊழியக்காரன் கடலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றுதான் திரும்பி வந்தான். மறுபடியும் போ, மறுபடியும் போ என்று அனுப்பினார். ஏழாம் தரம்தான் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்தது. தானியேல் மூன்று வாரம் துக்கத்தோடே ஜெபித்தார். ஆனால் முதல் நாளிலேயே அவருடைய வார்த்தை கேட்கப்பட்டுவிட்டது என்று தூதன் வந்து சொன்னான். இருபத்தொரு நாளும் தானியேலுக்கு அது தெரியாது! பரலோகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமலேதான் அவர் ஜெபித்தார்.

அதே சமயம் வேதத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பவுல் அப்போஸ்தலன் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் கெஞ்சினார். பதில் வந்தது, ஆனால் முள் போகவில்லை. அதைத் தாங்குவதற்குப் போதுமான கிருபை வந்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தாது என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்?

மிஷனெரி சரித்திரத்திலும் இவ்விரண்டையும் பார்க்கிறோம். வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்து சேர்ந்தார். மகன் ஒருவன் இறந்தான், மனைவியின் மனநிலை கெட்டது. அந்தத் தேசத்தாரில் முதல் இந்து விசுவாசியாகிய கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் மாதத்தில். ஏழு வருஷம்! ஐந்தாம் வருஷத்தில் கேரி கப்பல் ஏறி ஊர் திரும்பியிருந்தால்?

நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரிலே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பெண் பிள்ளைகளைக் கோவில்களுக்கு அர்ப்பணிக்கப்படாமல் காப்பாற்றி வளர்த்த தாய் அவர்கள். 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலொடிந்தது. அன்றிலிருந்து 1951-ல் மரிக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழித்தார்கள். அந்தத் தாய் எழும்பி நடக்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! அவர்கள் கேட்ட விதமாய்க் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்தே அம்மையார் அநேக புத்தகங்களை எழுதினார்கள். அவை உலகமெங்கும் வியாதிப் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஆறுதலாயிருக்கின்றன. முதலாவது கேரிக்குக் கிடைத்த பதிலும் பதில்தான், இதுவும் பதில்தான்.

5. காத்திருக்கிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்

உண்மையைச் சொல்லி ஜெபியுங்கள். சங்கீதம் 13-ல் தாவீது எதுவரைக்கும் என்று நான்கு தடவை கேட்கிறார். கேட்டுவிட்டு அதே சங்கீதத்தைப் பாட்டோடு முடிக்கிறார். கேள்வியை விழுங்கிவிட்டுப் பாடினவரல்ல அவர். உங்கள் வருத்தத்தை அக்கம்பக்கத்தில் முறுமுறுக்காமல், ஆண்டவருடைய முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள்.

பெலன் இல்லாத நாளில் சின்ன ஜெபம் போதும். ஒரு மணி நேரம் ஜெபிக்க முடியாவிட்டால் ஐந்து நிமிஷம் முழங்கால்படியிடுங்கள். வார்த்தை வரவில்லையா? "இன்னைக்கும் கேக்குறேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். வார்த்தைகளில்லாத பெருமூச்சையும் ஆவியானவர் எடுத்துச் செல்லுகிறார் என்று ரோமர் 8:26 நமக்குப் போதிக்கிறது.

தனியே நிற்காதேயுங்கள். மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊரும் அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கைகளைத் தாங்கினார்கள். உங்களுக்கு ஜெபிக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் இரண்டு பேரிடம் சொல்லுங்கள். கேட்கிறவர்களே, தயவுசெய்து காரணம் ஆராயாதேயுங்கள். கையைத் தாங்குங்கள், அது போதும். மோசேயின் கை ஏன் தளர்ந்தது என்று ஆரோன் விசாரிக்கவில்லை.

உங்கள் கையால் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். வியாதிக்காக ஜெபிக்கிறவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம். லூக்காவும் ஒரு வைத்தியன்தான். குடிக்கிற கணவருக்காக ஜெபிக்கிற சகோதரிகளே, ஜெபத்தை விடாதேயுங்கள். ஆனால் அடி வாங்கிக்கொண்டே ஜெபிக்கும்படி கர்த்தர் உங்களைக் கேட்கவில்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்றால் ராத்திரி எந்நேரமானாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பாதுகாப்பான இடத்திலிருந்தும் அவருக்காக ஜெபிக்கலாம்.

மற்றவர்களுக்காக ஜெபிப்பதை நிறுத்தாதேயுங்கள். நம் சொந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது பெரிதாகிக்கொண்டேதான் போகும். யோபு தன்னைக் குத்திப் பேசின சிநேகிதருக்காக ஜெபித்தபோது அவனுடைய சிறையிருப்பு மாறிற்று என்று யோபு 42:10-ல் வாசிக்கிறோம்.

6. பாத்தியில் நிற்கிற தண்ணீர்

என் தாயார் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். விடியுமுன்னே தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். பாத்தியில் தண்ணீர் கட்டியிருப்பார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருப்பேன். வெறும் தண்ணீர்தான் தெரியும். மறுநாள் போனாலும் தண்ணீர்தான். "எம்மா, இதுல உப்பு எங்க?" என்று கேட்பேன்.

"எய்யா, உப்பு அதுக்குள்ளதான் கெடக்கு. வெயில் அது வேலையப் பாக்கும். நாம பாத்தியப் பாத்துக்கிடணும், அவ்வளவுதான்" என்பார்கள்.

ஆம், அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. தினமும் போவார்கள். வரப்பு உடைந்திருந்தால் அடைப்பார்கள். தண்ணீர் குறைந்தால் பாய்ச்சுவார்கள். வெயிலை அவர்களால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரு நாள் போகும்போது பாத்தியெல்லாம் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். சில வருஷம் உப்பு வாரும் முன்பே மழை பெய்து எல்லாம் கரைந்துபோகும். அப்போது அழுவார்கள். அழுதுவிட்டு, மழை விட்ட பிறகு மறுபடியும் போய்ப் பாத்தியை மிதித்துச் சீர்செய்வார்கள். கரைந்துபோனது என்பதற்காக என் தாயார் உப்பளத்துக்குப் போகாமல் இருந்ததை நான் பார்த்ததேயில்லை.

தேவபிள்ளையே, உன் ஜெபம் பாத்தியில் நிற்கிற தண்ணீர்போல் இருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உனக்கே ஒன்றும் தெரியாது. நீதியின் சூரியன் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். நீ வரப்பைவிட்டுப் போய்விடாதே!

முடிவாக

அந்த வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, குத்தம் உங்ககிட்ட இல்லை. எங்க வீட்டுலயும் ஒரு ஜெபம் நிக்குது. வாங்க, சேர்ந்து நிப்போம்." அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். என் மனைவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஜெபித்தோம். பெரிய ஜெபம் ஒன்றுமில்லை.

அவர் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சபையின் கதவைத் திறக்கப் போனபோது, எனக்கு முன்னாலேயே ஒருவர் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சகோதரிதான். மறுபடியும் வந்துவிட்டார். பூமியில் விசுவாசம் மீதியிருக்குமா என்று கேட்ட ஆண்டவர் அந்த வாசற்படியைப் பார்த்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோக பிதாவே, வெகுகாலமாய்க் காத்திருக்கிற உம் பிள்ளைகளை உமது சமூகத்தில் கொண்டுவருகிறோம். தங்களைத் தாங்களே குற்றப்படுத்தி ஒடிந்துபோனவர்களைத் தேற்றும். ஜெபத்தை நிறுத்திவிட்டவர்களை மறுபடியும் உம்மண்டை கூட்டிச் சேரும். அவர்களைப் புண்படப் பேசின எங்களையும் மன்னியும். உமக்குச் சித்தமானால் கேட்டதைத் தாரும். தாமதித்தால் உம்மையே தாரும், உமது வாசலைவிட்டு நாங்கள் அகலாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

வழக்கம்போல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உபவாச ஜெபம் உண்டு. எத்தனை வருஷமாய்க் கேட்டுக் களைத்துப்போயிருந்தாலும் வாருங்கள். உங்களுக்கும் ஒரு பாய் விரித்து வைத்திருப்போம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்களோடுகூடக் காத்திருக்கும்
உங்கள் போதகன்